சங்கரனுக்கு ஒரு பதில்

காத்ர் போர்ன்,
மொரிஷியஸ்.
ஆகஸ்ட் மாதம்

அன்புள்ள சங்கரா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. உன் பெண் பாப்பா கணக்கில் எம்.எஸ்சி. முடித்த கையோடு உயிரியல் பக்கம் ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாளாமே. வீட்டில் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள், "ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்" என்று உன் மச்சினன் அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான், நீ என்னடா சொல்கிறாய் என்று கேட்டிருந்தாய். நீயோ கணக்கு வாத்தியார். நிரூபணம் இல்லாமல் ஒன்றையும் ஒத்துக்கொள்ள மாட்டாய். அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முதலில் வீட்டு விஷயம். இங்கே குளிர்காலம், கரும்பு வெட்டு நடக்கிறது. ரோட்டில் கரும்பு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் அன்றைய பொழுது போச்சு. என் மனைவிக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. தங்கச்சியிடம் சொல்லிவிடு, அவள் அனுப்பிய தைலத்தால்தான் என்று இவள் நம்புகிறாள். டாக்டர் கொடுத்த மாத்திரைக்குப் பேரே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் பெங்களூரை விட்டு இந்தத் தீவுக்கு வந்தது ப்ரா தோ ரேடியோ தொலைநோக்கிக்காக என்று உனக்குத் தெரியும். ஆனால் அது என்ன கருவி என்று நீயும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. மொரிஷியஸ் பல்கலைக்கழகம், பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிறுவனம், இந்திய வான் இயற்பியல் நிறுவனம் மூன்றும் சேர்ந்து அமைத்தது. 1992-ல் வேலை செய்யத் தொடங்கியது. தொலைநோக்கி என்றதும் பெரிய கிண்ணம் ஒன்றை நினைத்துக்கொள்வாய். இங்கே கிண்ணமே கிடையாது. சுருளாகச் சுற்றிய கம்பி ஆன்டெனாக்கள் 1,024, கிழக்கு மேற்காக 2,048 மீட்டருக்கு வரிசையாக நின்றன. எல்லாம் தெற்குப் பக்கம் 20 டிகிரி சாய்ந்திருந்தன. அங்கிருந்து தெற்கே 880 மீட்டர் தண்டவாளம். அதன்மேல் தள்ளுவண்டிகள், வண்டிக்கு நான்கு ஆன்டெனா.

ஏன் தள்ளுவண்டி? 880 மீட்டரையும் ஆன்டெனாவால் நிரப்பினால் செலவு எங்கேயோ போய்விடும். வானமோ எங்கும் ஓடிவிடப் போவதில்லை. நேற்று தலைக்கு மேல் வந்த நட்சத்திரம் இன்று நான்கு நிமிடம் முன்னதாக அதே இடத்துக்கு வரும். ஆகவே இன்று வண்டியை ஓரிடத்தில் நிறுத்திப் பதிவு, நாளை கொஞ்சம் நகர்த்தி மறுபடி பதிவு. இரண்டு ஆன்டெனாக்களின் சிக்னலைப் பெருக்கிச் சராசரி எடுத்தால் வானத்தின் படத்தை அலைகளாகப் பிரித்தால் வரும் துண்டுகளில் ஒன்று, அதாவது ஒரே ஒரு ஃபூரியர் கூறு, கையில் கிடைக்கும். எந்தக் கூறு என்பதை அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரமும் திசையும் தீர்மானிக்கும். எல்லாத் தூரத்துக்கும் சேர்த்து வைத்துக்கொண்டு தலைகீழ் ஃபூரியர் மாற்றம் செய்தால் படம் வந்துவிடும். நீ பி.எஸ்சி. பையன்களுக்கு நடத்தின அதே ஃபூரியர்தான். இந்த வித்தையை வளர்த்தெடுத்த கேம்பிரிட்ஜ் மார்ட்டின் ரைலுக்கு 1974-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. வடக்கு வானத்தை 151 மெகாஹெர்ட்ஸில் கேம்பிரிட்ஜ்காரர்கள் படம் எடுத்தார்கள். தெற்கு வானத்துக்கு அதற்கு இணையாக ஒன்று வேண்டும் என்றுதான் இந்தத் தீவு.

புத்தகத்தில் இருக்கிற சூத்திரம் ஆன்டெனா எல்லாம் ஒரே தளத்தில் நிற்பதாக வைத்துக்கொள்ளும். ப்ரா தோவில் எரிமலைப் பாறை, மேடும் பள்ளமுமாகக் கிடக்கும். அதைச் சமன்செய்யப் பணம் கிடையாது. ஒவ்வொரு ஆன்டெனாக் குழுவும் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்து அதைக் கணக்குக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது. மண்வெட்டி செய்ய வேண்டிய வேலையைக் கணினி செய்தது என்று வைத்துக்கொள். இவ்வளவும் பண்ணி, அலைநீளம் இரண்டு மீட்டர் என்பதால் கிடைத்த தெளிவு ஏறக்குறைய 4 ஆர்க் நிமிடம் (ஒரு டிகிரியை அறுபதாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஆர்க் நிமிடம்). நல்ல மனிதக் கண்ணுக்கு 1 ஆர்க் நிமிடம் வரை தெரியும். சிரிக்காதே, கண்ணுக்கு அந்த அலை தெரியாதே!

எதற்குச் சொல்கிறேன் என்றால், அங்கே நாங்கள் யாரும் பல துறை ஆராய்ச்சி செய்கிறோம் என்று பெயர் வைத்துக்கொள்ளவில்லை. கணக்குத் தெரிந்தவன், சால்டரிங் தெரிந்தவன், நிரல் எழுதத் தெரிந்தவன், கம்பி கட்டத் தெரிந்தவன் எல்லோரும் ஒரே கொட்டகையில் டீ குடித்தோம். பாறை வந்து முன்னால் நின்றது, கணக்கு மாறியது. அவ்வளவுதான்.

பாப்பாவுக்கு நேராகப் பொருந்துவது இங்கத்திய வல்லூறு. மொரிஷியஸ் கெஸ்ட்ரல் என்பார்கள், காட்டில் இருக்கும் சின்னப் பறவை. காட்டை வெட்டியதும், மலேரியாவுக்காக அடித்த டிடிடி பூச்சிமருந்தும் சேர்ந்து அதன் கதையை முடித்துவிடப் பார்த்தன. 1974-ல் காட்டில் தெரிந்தவை மொத்தம் நான்கே நான்கு. பிற்பாடு கார்ல் ஜோன்ஸ் என்பவர் வந்தார். கூட்டிலிருந்து முட்டையை எடுத்துக்கொண்டால் பறவை மறுபடி முட்டையிடும். எடுத்ததைக் கருவியில் பொரிக்கவைத்து, குஞ்சைக் கையால் வளர்த்து, மறுபடி காட்டில் விட்டார். இப்போது சில நூறு இருக்கின்றன.

இதில் கணக்கு எங்கே என்று கேட்பாய். ஒரு கூட்டத்தில் இனப்பெருக்கம் செய்பவை N என்றால், ஒவ்வொரு தலைமுறையிலும் மரபு வேறுபாட்டில் 2N-ல் ஒரு பங்கு போய்விடும். இங்கே இன்றைக்கு இருப்பதெல்லாம் 1974-ல் இருந்த ஒரே ஒரு ஜோடியின் வம்சம். N இரண்டு என்று போடு, ஒரே தலைமுறையில் கால் பங்கு காலி. ஆயிரம் என்று போட்டுப் பார், இழப்பு கண்ணுக்கே தெரியாது. இவ்வளவு சின்னச் சூத்திரம், ஒரு பறவையின் தலையெழுத்தே அதில் இருக்கிறது. ஆனால் போனது எவ்வளவு என்று சொல்ல, முன்னால் இருந்தது எவ்வளவு என்று தெரிய வேண்டாமா? அருங்காட்சியகங்களில் பாடம் செய்து வைத்திருந்த பழைய தோல்களிலிருந்து டிஎன்ஏ எடுத்துப் பார்த்து, 2000-ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். ஒரு காலத்தில் இந்தப் பறவைக்கு நிறைய வேறுபாடு இருந்திருக்கிறது. தோலைப் பத்திரமாக வைத்திருந்தவன், முட்டையைத் திருடினவன், சூத்திரம் போட்டவன் மூன்று பேரும் வேண்டியிருந்தது. பாப்பா இந்த மூன்றாவது ஆள் ஆகலாம். ஆனால் முதல் இரண்டு பேரோடும் உட்கார்ந்து பேசப் பழக வேண்டும். இது என் கண்டிப்பான அபிப்பிராயம்.

இதுவரை எழுதினது நல்ல பக்கம். இன்னொன்றும் சொல்லாமல் இருந்தால் நான் உனக்கு நண்பன் இல்லை.

எங்களுக்கு வடகிழக்கே 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் சாகோஸ் தீவுகள் இருக்கின்றன. 1965-ல், மொரிஷியசுக்குச் சுதந்திரம் வர மூன்று வருஷம் இருக்கும்போது, பிரிட்டன் அவற்றைத் தனியாகப் பிரித்து வைத்துக்கொண்டது. அவற்றில் ஒன்றான டியாகோ கார்சியாவில் அமெரிக்க ராணுவத் தளம் வந்தது. 1968-லிருந்து 1973-க்குள் அங்கே குடியிருந்த சனங்கள் முழுவதையும் கிளப்பிவிட்டார்கள். நிறையப் பேரைப் போர்ட் லூயிசில் கொண்டுவந்து இறக்கினார்கள். அவர்கள் பிள்ளைகளோடுதான் என் மனைவி பள்ளிக்கூடம் போனாள். ஊரைப் பற்றிக் கேட்டால் அந்த வீட்டுப் பெரியவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்களாம்.

2010 ஏப்ரல் 1 அன்று பிரிட்டன் அந்தக் கடலை, ஏறக்குறைய 6,40,000 சதுர கிலோமீட்டரை, மீனே பிடிக்கக் கூடாத காப்பகம் என்று அறிவித்தது. உலகத்திலேயே அப்போது அவ்வளவு பெரிய காப்பகம் வேறில்லை. டியாகோ கார்சியாவுக்கும் அதைச் சுற்றி மூன்று கடல் மைலுக்கும் மட்டும் விலக்கு! கடல் உயிரியல்காரர்கள் பலர் மனமார வரவேற்றார்கள். அந்த வருஷக் கடைசியில் விக்கிலீக்ஸ் ஒரு தூதரகச் செய்தியை வெளியே விட்டது. காப்பகம் வந்தால் பழைய குடிகள் திரும்பி வருவது கஷ்டமாகிவிடும் என்று பிரிட்டிஷ் அதிகாரியே அமெரிக்கர்களிடம் சொன்னதாக அதில் இருந்தது. 2015 மார்ச்சில் சர்வதேச நடுவர் மன்றம் அந்த அறிவிப்பு கடல் சட்டத்துக்கு விரோதம் என்றது. 2019 பிப்ரவரியில் ஹேக் சர்வதேச நீதிமன்றம், தீவுகளைப் பிரித்ததே முறையாக நடக்கவில்லை என்று கருத்துச் சொன்னது. 2025 மே 22-ல் பிரிட்டனும் மொரிஷியசும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. தீவுகள் மொரிஷியசுக்கு, தளம் மட்டும் 99 வருஷத்துக்குப் பிரிட்டனுக்கு என்று.

சிக்கல் என்னவென்றால், அங்கே நடந்த உயிரியல் ஆராய்ச்சி பொய்யில்லை. நிஜமாகவே அருமையான ஆராய்ச்சி. பழைய கப்பல்களில் வந்த எலிகள் சில தீவுகளில் ஏறிக்கொண்டன, சிலவற்றில் ஏறவில்லை. எலி உள்ள ஆறு தீவு, இல்லாத ஆறு தீவு என்று எடுத்து ஒப்பிட்டு 2018-ல் நேச்சரில் எழுதினார்கள். எலி இல்லாத இடத்தில் கடற்பறவையின் அடர்த்தி 760 மடங்கு. பறவை எச்சத்தால் மண்ணுக்கு வரும் நைட்ரஜன் 251 மடங்கு. அந்த நைட்ரஜனை மண்ணில், இலையில், கடற்பாசியில், கடைசியில் பவளத்தில் திரியும் மீனின் சதையில் வரைக்கும் ஐசோடோப் (ஒரே தனிமத்தின் எடை மாறிய அணு) வைத்துப் பின்தொடர்ந்து போய்ப் பிடித்திருக்கிறார்கள். எலி இல்லாத தீவுகளை ஒட்டிய பவளத்தில் மீனின் மொத்த எடை 48 சதவீதம் கூடுதல். தரையில் ஓர் எலி, கடலில் மீன் குறைவு. படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். அப்புறம், அந்தத் தீவுகளில் ஏன் மனிதர் யாரும் இல்லை என்ற நினைப்பும் கூடவே வந்தது. பக்கத்திலேயே அந்தச் சனங்களை வைத்துக்கொண்டு வாழ்கிற எனக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ஆராய்ச்சி செய்தவர்கள்மேல் பழி போடவில்லை. ஆனால் தன் முடிவுகளை யார் எதற்கு எடுத்துக்கொள்வார்கள் என்று பாப்பா கொஞ்சமாவது கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குத் தனிப் பட்டம் வேண்டாம், தினமும் பேப்பர் படித்தால் போதும்.

ஒரு வேடிக்கை. கம்ப்யூட்டர் கம்பெனிகள் இணைய முகவரியின் கடைசியில் ஸ்டைலாகப் போட்டுக்கொள்கிற 'ஐஓ' இருக்கிறதே, அது அந்தத் தீவுகளுக்குரிய இரண்டெழுத்துதான். பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசம் என்ற பெயரிலிருந்து வந்தது. பாப்பாவின் நண்பர்களில் பாதிப் பேர் தினமும் தட்டுகிற எழுத்து. கேட்டுப் பார், ஒருத்தனுக்கும் தெரியாது.

2020-ல் வகாஷியோ கப்பல் தென்கிழக்கே பவளப்பாறையில் ஏறி எண்ணெய் கொட்டியதை அப்போதே போனில் சொல்லியிருக்கிறேன். கரும்புத் தோகையைத் துணியில் திணித்துத் தைத்துக் கடலில் மிதக்கவிட்டோமே, அதுதான். இப்போது திரும்ப ஆரம்பித்தால் கடிதம் முடியாது.

வேலை கிடைக்குமா என்று கேட்டிருந்தாய். மழுப்பாமல் சொல்கிறேன், கஷ்டம் உண்டு. எல்லா ஊரிலும் பணம் கொடுக்கிறவர்கள் பல துறை வேண்டும் என்று மேடையில் பேசுவார்கள், படிவத்தில் துறைக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருக்கும். நாங்கள் ஒரு முறை அந்தக் கட்டத்தில் இரண்டு பெயர் எழுதியதற்காகவே விண்ணப்பம் திரும்பி வந்தது. எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன். அதனால் பாப்பாவின் கையில் ஒரு தொழில் உறுதியாக இருக்க வேண்டும். அவளுக்கு அது கணக்கு. நிகழ்தகவு, வகைக்கெழுச் சமன்பாடு, கொஞ்சம் நிரல். உயிரியலை அவள் வயலில் இறங்கிக் கற்றுக்கொள்ளலாம், நல்ல கணக்கை அப்படிக் கற்றுக்கொள்ள முடியாது. இரண்டையும் பாதி பாதி கற்றுத் தருகிறோம் என்று அழகான பெயரோடு வருகிற படிப்புகள்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த ஒரு விஷயத்தில் உன் மச்சினன் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் எழுதின கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டாம். தரவு யாரிடம் இருக்கிறது, அதைச் சேகரித்தவர்களின் பெயர் கட்டுரையில் வருகிறதா, மாணவர்கள் எத்தனை வருஷத்தில் வெளியே வருகிறார்கள், இந்த மூன்றையும் பழைய மாணவர்களிடம் தனியாகக் கேட்கச் சொல். வழிகாட்டியிடம் கேட்டால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

அவள் எழுதி வைத்திருக்கும் ஆய்வுத் திட்டத்தை எனக்கு அனுப்பட்டும். உயிரியல் பகுதி எனக்குப் பாதி புரியாது, ஆனால் இங்கே ரெதுவியில் பல்கலைக்கழகத்தில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், காட்டி வாங்கி அனுப்புகிறேன். கணக்குப் பகுதியை நீயே பார், அப்பா என்று சலுகை காட்டாதே.

தைப்பூசத்துக்கு நீங்கள் மூன்று பேரும் வரலாம் என்று எழுதியிருந்ததைப் பார்த்து இவள் இப்போதே ஏழு கறிக்குப் பட்டியல் போடுகிறாள். அன்றைக்கு இங்கே அரசாங்க விடுமுறை, காவடிக் கூட்டத்தில் கார் எங்கேயும் நகராது, அதனால் இரண்டு நாள் முன்னாடியே வந்துவிடுங்கள். டிக்கெட் போடும் முன் போன் பண்ணு. வரும்போது சுக்கு, மிளகு எதுவும் வேண்டாம், எல்லாம் கிடைக்கிறது. மணத்தக்காளி வற்றல் மட்டும் ஒரு கிலோ.

அன்புடன்,
ராமு