பாஷ் பாடத்தில் ‘லோக்கல்’ முதலிலேயே இடம்பெற வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில் வெளிவரும் பாஷ் ஷெல் (லினக்ஸில் கட்டளைகளை ஏற்று இயக்கும் மென்பொருள்) தொடரில், செயற்கூறு எழுதும் முறையை விளக்கிய பகுதியில் மாறிகளின் வரையெல்லை, அதாவது ஒரு மாறி நிரலின் எந்தப் பகுதிவரை செல்லுபடியாகும் என்பது குறித்து ஒரு வரிகூட இல்லை. புதிதாகக் கற்போர் பெரிதும் தடுமாறும் இடம் இதுவே என்பதால் எழுதுகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் படித்துவிட்டு வரும் மாணவர், செயற்கூறுக்குள் மதிப்பிடப்பட்ட மாறி அதற்குள்ளேயே அடங்கிவிடும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. பாஷில் நிலைமை நேர்மாறு. ‘லோக்கல்’ (local) என்ற கட்டளையால் அறிவிக்காத மாறி நிரல் முழுவதற்கும் பொதுவாகிவிடுகிறது. மாதவாரியாக அறிக்கை தயாரிக்கும் ஒரு நிரலில், ‘ஐ’ (i) என்ற மாறியை 1இலிருந்து ஒவ்வொன்றாகக் கூட்டி, அது 12ஐத் தாண்டாதவரை இயங்கும் மடக்கு, ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு செயற்கூறை அழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அச்செயற்கூறும் நாள்களை எண்ண அதே ‘ஐ’யைப் பயன்படுத்தினால், ஜனவரியை முடித்துத் திரும்பும்போது அதன் மதிப்பு 32 ஆகியிருக்கும், 12ஐத் தாண்டிவிட்டதால் வெளி மடக்கு அத்துடன் நின்றுவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. செயற்கூறின் முதல் வரியில் ‘லோக்கல் ஐ’ என்று எழுதியிருந்தால் இது நேராது.

அவ்வாறு எழுதிவிட்டாலே மாறி முழுப் பாதுகாப்புப் பெற்றுவிட்டது என்றும் எண்ணக் கூடாது. அச்செயற்கூறு அழைக்கும் பிற செயற்கூறுகளால் அந்த மாறியைப் பார்க்கவும் மாற்றவும் முடியும். ஆகவே அவற்றிலும் தனித்தனியே அறிவிக்க வேண்டும். இன்னொன்று, அனுபவமுள்ளவர்களும் கவனிக்கத் தவறுவது: ஒரு கட்டளையின் வெளியீட்டை ‘லோக்கல்’ வரியிலேயே மாறியில் சேமித்தால், கட்டளை தோல்வியுற்றாலும் ‘லோக்கல்’ வெற்றி பெற்றதற்கான 0 என்ற குறியே கிடைக்கும். புதிய காப்புப் பிரதி எடுத்தபின் பழையதை அழிக்கும் நிரலில் இப்படி எழுதப்பட்டிருந்தால், புதியது உருவாகாமலேயே பழையதும் போய்விடும். அறிவிப்பை ஒரு வரியிலும் மதிப்பிடுதலை அடுத்த வரியிலும் எழுதுவதே சரியான முறை.

வெவ்வேறு ஷெல்களுக்கான பொது விதிகளை வகுக்கும் போசிக்ஸ் தரத்தில் ‘லோக்கல்’ இல்லாததால் அதைத் தவிர்க்கலாம் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. டாஷ் போன்ற சிறிய ஷெல்லும் அதை ஏற்கிறது. ஏற்காத ஷெல்லில், செயற்கூறின் உடலை நெளிவு அடைப்புக்குப் பதிலாகச் சாதாரண அடைப்புக்குறிக்குள் எழுதினால், அது துணை ஷெல்லில், அதாவது ஷெல்லின் தனி நகல் ஒன்றில் இயங்கும். மாறிகளில் உள்ளே செய்த மாற்றம் வெளியே வராது. ஆனால், மாறி வழியாக மதிப்பைத் திருப்பித் தரவும் இயலாது.

தொடரில் வரும் எடுத்துக்காட்டுகளை வாசகர்கள் அப்படியே நகலெடுத்துப் பயன்படுத்துவார்கள். எனவே, வரையெல்லையைத் தொடரின் அடுத்த பகுதியிலேயே விளக்குமாறும், முன்பு வெளியான நிரல்களைத் திருத்தி மீண்டும் வெளியிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
லினக்ஸ் பயிற்றுநர் ஒருவர்