பழக்கம் உண்டா என்று கேட்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மே 31 நெருங்கினால், கல்லூரி மாணவர்களிடம் புகைபிடித்தல் பற்றிக் கருத்துக் கேட்ட செய்திகள் நாளிதழ்களில் வரத் தொடங்கும். புகையிலை ஒழிப்பு நாளை ஒட்டி அவற்றுக்கு இடம் கிடைக்கிறது. மாணவர்களில் பெரும்பாலோர் புகைக்கு எதிராகவே இருக்கிறார்கள் என்றுதான் அநேகமாக எல்லாச் செய்திகளும் முடியும். படிக்கிற பெற்றோருக்கு நிம்மதியாக இருக்கும். எனக்கு அந்த நிம்மதி வருவதில்லை. இருபது வருடங்களாகக் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன். இப்படிப்பட்ட கேள்வித்தாள்கள் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்காக ஆண்டுக்கு நாலைந்தாவது என் மேஜைக்கு வரும். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பியவளே நான்தான். அதனால் இதை எழுதும் பொறுப்பு எனக்கு இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் ப்ராஜெக்ட் செய்த மாணவி ஒருத்தி, பூர்த்தியான படிவங்களைக் கட்டாகக் கட்டி எடுத்துவந்தாள். கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு முன் செல்லாதவற்றைக் கழிக்க வேண்டும். இருவரும் உட்கார்ந்து பிரித்தோம். ஒரு படிவத்தில், ‘உங்களுக்குப் புகைப்பழக்கம் உண்டா?’ என்ற கேள்விக்கு நேரே, முதலில் ‘இல்லை’ கட்டத்தில் டிக் அடித்திருந்தது. அதைப் பேனாவால் இரண்டு கோடு போட்டு அடித்துவிட்டு, ‘உண்டு’ கட்டத்தில் இன்னொரு டிக். அதையும் அடித்துவிட்டு, தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியிருந்தது: ‘சனிக்கிழமை மட்டும்’.

“மேம், ரெண்டுலயும் டிக் இருக்கு. இன்வேலிட்தானே?” என்றாள் மாணவி. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அந்தத் தாள் கழிவுக் கட்டுக்குப் போய்விட்டது.

அன்று இரவுதான் எனக்கு உறைத்தது. அந்தப் படிவக் கட்டில் யோசித்து, தயங்கி, உண்மையைச் சொல்லப் பாடுபட்ட ஒரு பதிலை நான் தூக்கிப் போட்டிருக்கிறேன். தவறு அந்தப் பையன் மேல் இல்லை, கேள்வி மேல் இருந்தது. ‘பழக்கம்’ என்ற சொல்லைத் தமிழில் நாம் எப்படிப் புழங்குகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். நாள்தோறும் செய்வது, விட முடியாமல் செய்வது, இதுதான் பழக்கம். வாரத்தில் ஒரு நாள் நண்பர்களோடு நின்று இரண்டு சிகரெட் பிடிக்கிறவன் தனக்குப் பழக்கம் இருக்கிறது என்று ஒருபோதும் நினைக்க மாட்டான். “எப்பவாவது ஒரு தம்” என்பான். அவன் ‘இல்லை’ என்று டிக் அடித்தால், அவனளவில் அது பொய்யே இல்லை. மின்சிகரெட் இழுக்கிறவனிடம் ‘புகைப்பீர்களா’ என்று கேட்டால் அவனும் இல்லை என்பான், “அது புகையில்ல மேம், ஆவி” என்று விளக்கமும் சொல்வான்.

கல்லூரி வயதில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியதே இந்த ‘எப்பவாவது’ கூட்டத்தைப் பற்றித்தான். தினமும் புகைக்கும் பெரியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் 18 வயதுக்குள் முதல் சிகரெட்டைத் தொட்டவர்கள் என்று அமெரிக்க அரசின் தலைமைப் பொதுச் சுகாதார அதிகாரியான சர்ஜன் ஜெனரலின் 2012-ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. 26 வயதுக்குள் தொட்டவர்கள் என்று பார்த்தால் அது 99 சதவீதம். அப்படியானால் கல்லூரிக்குள் வரும்போதே பலர் முதல் சிகரெட்டைக் கடந்து வந்திருக்கிறார்கள். சனிக்கிழமை மட்டும் என்பது புதன்கிழமையும் ஆகி, பிறகு காலையில் எழுந்ததும் என்று ஆவது இந்த மூன்று நான்கு வருடங்களில்தான் பலருக்கும் நடக்கிறது. அந்த மாற்றத்தைப் பிடிக்க முடியாத கேள்வியைக் கேட்டுவிட்டு, பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள் என்று செய்தி கொடுக்கிறோம்.

சரியாகக் கேட்பது எப்படி என்பது ஒன்றும் ரகசியம் இல்லை. 1999-இல் தொடங்கிய உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பு பழக்கத்தைக் கேட்பதே கிடையாது. கடந்த 30 நாட்களில் எத்தனை நாட்கள் சிகரெட் பிடித்தீர்கள் என்றுதான் கேட்கிறது. ஒரு நாள், இரண்டு நாள் என்றும் பதில் சொல்லலாம். நான் கழித்துப் போட்ட அந்தப் படிவத்துக்கு அங்கே இடம் இருந்திருக்கும். சிகரெட், பீடி, மின்சிகரெட், மெல்லும் புகையிலை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். கூடுதலாக அரைப் பக்கம் ஆகும், அவ்வளவுதான்.

கேள்வியைத் திருத்திவிட்டாலும் கேட்கிற இடம் மிச்சம் இருக்கிறது. பெரும்பாலும் நடப்பது இது: பாடவேளையின் கடைசிப் பத்து நிமிடத்தில் படிவம் வருகிறது. மேலே பெயர் ‘விருப்பமிருந்தால்’ என்று போட்டிருக்கும், கீழேயே பதிவெண் கட்டாயம் என்று இருக்கும். துறைத்தலைவர் கைகட்டி நிற்பார். பக்கத்தில் இருப்பவனின் முழங்கை நம் தாளின் மேல். இந்தச் சூழலில் ‘ஆம்’ எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும்! மாணவிகளுக்கு இன்னும் கஷ்டம். புகைக்கும் ஆணைப் பற்றி நாலு பேர் பேசினால் புகைக்கும் பெண்ணைப் பற்றி நாற்பது பேர் பேசுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். கூகுள் ஃபார்ம் அனுப்பினால் பயம் போய்விடும் என்கிறார்கள். கல்லூரி மின்னஞ்சலில் நுழைந்தால்தான் அது திறக்கும் என்றால், பயம் எப்படிப் போகும்?

அந்தப் பயம் வீணும் இல்லை. ஒரு கல்லூரியில் கணக்கெடுப்பு முடிந்த மறுநாள், நிர்வாகப் பொறுப்பில் இருந்த ஒருவர் படிவங்களைக் கேட்டு என்னிடம் ஆளனுப்பினார். ‘உண்டு’ என்று போட்டவர்களின் கையெழுத்தை வைத்து யாரென்று பார்த்துவிடலாம், வீட்டுக்குத் தெரிவித்துவிடலாம் என்பது அவர் எண்ணம். பிள்ளைகள் மேல் அக்கறையில்தான் கேட்டார், அதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் யாருக்கும் காட்ட மாட்டோம் என்று வாக்குக் கொடுத்து வாங்கிய தாள்கள் அவை. தர முடியாது என்று சொல்லிவிட்டேன். பதிவேற்றம் முடிந்திருந்ததால் அன்றைக்கே நானும் மாணவியும் உட்கார்ந்து எல்லாவற்றையும் கிழித்தோம். விரல் வலிக்க வலிக்கக் கிழித்தோம். அந்த ஒரு கட்டு வெளியே போயிருந்தால், அந்தக் கல்லூரியில் அதற்குப் பிறகு எந்த மாணவனும் எந்தப் படிவத்திலும் உண்மையை எழுதியிருக்க மாட்டான்.

இதற்கு எங்கள் துறையில் ஓர் அழகான வழி இருக்கிறது. ஸ்டான்லி வார்னர் என்ற அறிஞர் 1965-இல் முன்வைத்த யோசனையிலிருந்து வளர்ந்தது. அதன் எளிய வடிவத்தை வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் செய்துகாட்டுகிறேன். ஆளுக்கொரு நாணயம். பூவா தலையா போட்டு, யாருக்கும் காட்டாமல் கைக்குள்ளேயே பார்த்துக்கொள்ள வேண்டும். தலை விழுந்தால், உண்மை எதுவாக இருந்தாலும் ‘ஆம்’ என்று எழுத வேண்டும். பூ விழுந்தால் உள்ளதை எழுத வேண்டும். 100 பேர் சுண்டினால் சுமார் 50 பேருக்குத் தலை விழும், அத்தனை பேரும் ‘ஆம்’ எழுதுவார்கள். மொத்தத்தில் 60 ‘ஆம்’ வந்தால், மிச்சமுள்ள 10 ‘ஆம்’ பூ விழுந்த 50 பேரிடமிருந்து வந்தவை. ஆக ஐந்தில் ஒருவர் என்ற மதிப்பு கிடைத்துவிடுகிறது. யார் அந்தப் பத்துப் பேர்? தாளை எத்தனை முறை புரட்டினாலும் கண்டுபிடிக்க முடியாது. நிர்வாகம் கேட்டாலும் தாராளமாகத் தூக்கிக் கொடுத்துவிடலாம். பாதிப் பதில்கள் நாணயம் சொன்னவை என்பதால் ஆட்கள் நிறைய வேண்டும், சின்ன வகுப்பில் கணக்கு தள்ளாடும். அது ஒன்றுதான் குறை.

முதன்முதலில் இதைச் செய்தபோது கடைசி பெஞ்சில் இருந்த ஒருவனைக் கவனித்தேன். நாணயத்தைச் சுண்டி, கையை மூடி, விரலை லேசாக விலக்கிப் பார்த்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். குனிந்து எழுதினான். தூக்கியிருந்த தோள் இரண்டும் மெல்ல இறங்கின. அவனுக்கு விழுந்தது பூவா தலையா என்பது இன்று வரை எனக்குத் தெரியாது.

அடுத்தது, கருத்தைக் கேட்பது. ‘புகைபிடித்தல் உடலுக்குக் கேடு என்று நினைக்கிறீர்களா?’ என்பது எல்லாப் படிவத்திலும் தவறாமல் இருக்கும். இதற்கு இல்லை என்று சொல்பவரை நான் பார்த்ததே இல்லை. நாளைக்குப் பத்துப் பிடிக்கிறவரும் ஆமாம் என்றுதான் சொல்வார், பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறதே. இது அறிவைச் சோதிக்கும் கேள்வி, மனசைத் தொடுவதில்லை. 1990-களில் ஜான் பியர்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் கலிஃபோர்னியாவில் வேறு விதமாகக் கேட்டார்கள்: உன் நெருங்கிய நண்பன் ஒருவன் சிகரெட்டை நீட்டினால் பிடிப்பாயா? நிச்சயமாக மாட்டேன், அநேகமாக மாட்டேன், அநேகமாகப் பிடிப்பேன், நிச்சயமாகப் பிடிப்பேன் என்று நாலு பதில்கள். ‘அநேகமாக மாட்டேன்’ என்பவனையும் அவர்கள் சறுக்கக்கூடியவர் கணக்கில்தான் சேர்த்தார்கள். அந்த ‘அநேகமாக’வுக்குள் எவ்வளவு இருக்கிறது பாருங்கள்.

ஆங்கிலப் படிவத்தை வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்து வைக்கும் வழக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ‘புகைபிடிப்பது சமூகச் சூழல்களில் ஏற்றுக்கொள்ளத்தக்க ஒன்றாக உணரப்படுகிறது’ என்று ஒரு வாக்கியம். அதற்கு எதிரே ஐந்து கட்டங்கள். பாதிப் பேர் நடுக்கட்டத்தில் டிக் போட்டிருந்தார்கள். ‘மாணவர்கள் நடுநிலை வகிக்கிறார்கள்’ என்று என் மாணவன் அறிக்கை எழுதிவந்தான். வாக்கியம் புரியாதவனெல்லாம் நடுநிலையாளன் ஆகிவிட்டான்.

இவ்வளவு பாடுபட்டுக் கேட்க வேண்டுமா என்று தோன்றலாம். புகையின் கேடு பற்றி நாம் இன்று உறுதியாகச் சொல்வதில் முக்கியமான ஒரு பகுதி ஒரு சின்னக் கேள்வித்தாளிலிருந்து வந்ததுதான். 1951-இல் ஆய்வாளர்கள் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் பிரிட்டனின் டாக்டர்களுக்குத் தபாலில் அதை அனுப்பினார்கள். ஏறத்தாழ 40,000 பேர் பதில் எழுதினார்கள். 50 ஆண்டுகள் அவர்களில் ஆண் டாக்டர்களைப் பின்தொடர்ந்து 2004-இல் வெளியிட்ட முடிவு: விடாமல் புகைத்தவர்கள் புகைக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்தாண்டு முன்னதாக இறந்தார்கள். 30 வயதுவாக்கில் விட்டவர்களோ அந்தப் பத்தாண்டில் ஏறக்குறைய முழுவதையும் திரும்பப் பெற்றார்கள். 50 வயதில் விட்டவர்களுக்கு ஆறாண்டு கிடைத்தது. நம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இருபது வயது. இன்று விட்டால் அத்தனையும் மிச்சம். அதனால்தான் உண்மையான கணக்கு இந்த வயதிலேயே வேண்டும் என்கிறேன். யார் எந்தப் படியில் நிற்கிறார் என்று தெரியாமல் யாருக்கு எதைச் செய்வது?

தங்கள் நாளிதழுக்கு என் வேண்டுகோள் இதுதான். இனி இப்படி ஒரு கணிப்புச் செய்தி வந்தால், கேட்ட கேள்வியை அப்படியே அச்சிடுங்கள். பெயரோ பதிவெண்ணோ வாங்கினார்களா, படிவம் நிரப்பும்போது யார் உடன் இருந்தார்கள், எத்தனை பேர் பதில் சொல்ல மறுத்தார்கள், அன்று வகுப்புக்கு வராதவர்கள் எத்தனை பேர் என்பதையும் நிருபர் கேட்டு எழுதட்டும். நாலு வரி கூடும். வாசகர் தாமே எடைபோட்டுக்கொள்வார்.

கடைசியாக ஒன்று. ‘சனிக்கிழமை மட்டும்’ படிவம் வந்த அதே வாரத்தில், தாமதமாகப் படிவம் கொடுக்க வந்த ஒரு மாணவன் வராந்தாவில் என்னிடம் மெதுவாகக் கேட்டான்: “மேம், விட்டுடலாம்னு ட்ரை பண்ணினதை இதுல எங்கே எழுதறது?” படிவத்தை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தேன். வயது, துறை, பழக்கம் உண்டா, எப்போது தொடங்கியது, யார் கற்றுக்கொடுத்தார், மாதம் எவ்வளவு செலவு. எல்லாம் இருந்தது. அவன் கேட்டதற்கு இடம் இல்லை. “பின்பக்கம் எழுதுப்பா” என்றேன். மணி அடித்துவிட்டது. தலையாட்டிவிட்டு, எழுதாமலே கொடுத்துவிட்டுப் போனான்.

இப்போது என் கையெழுத்துக்கு வரும் எந்தப் படிவத்திலும் அந்தக் கேள்வி இருக்கிறது: கடந்த ஓராண்டில் விட முயன்றீர்களா, என்ன ஆயிற்று, என்ன உதவி இருந்தால் நன்றாக இருக்கும்? அதற்குக் கீழே நாலு வரி காலியாக விடுகிறோம். சென்ற முறை சிலருக்கு அந்த நாலு வரி போதாமல் தாளைத் திருப்பி எழுதியிருந்தார்கள்.

இப்படிக்கு,
புள்ளியியல் ஆசிரியை ஒருவர்
(பெயர் வெளியிட வேண்டாம்)