வாங்கோமைசின், அமிகாசின்: ரத்தத்தில் அளவு பார்க்க வழி செய்யுங்கள்

பெறுநர்: தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை, மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககம், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் டீன்கள்

மதிப்பிற்குரியவர்களுக்கு வணக்கம்.

நம் ஐசியூக்களிலும் பச்சிளங்குழந்தைகள் பிரிவிலும் தினமும் போடப்படும் இரண்டு ஆன்டிபயாடிக் ஊசிகளைப் பற்றி எழுதுகிறேன். வாங்கோமைசின், அமிகாசின் இரண்டும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகின்றன. ரத்தத்தில் தேங்கினால் அந்தச் சிறுநீரகத்தையே கெடுக்கும். அமிகாசின் காதையும் கெடுக்கும். போன கேட்கும் திறன் திரும்பாது. குறைவாக இருந்தாலோ கிருமி சாகாது. ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று லேபில் பார்த்து டோஸைத் திருத்தும் வசதி எல்லா மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் அன்றாடம் கிடைக்கும் நிலை இன்னும் வரவில்லை. 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்த மாநிலம் இது. இதையும் செய்ய முடியும்.

"சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவைப் பார்க்கிறோமே, போதாதா?" என்று சிலர் கேட்பார்கள். போதாது. சிறுநீரகம் அடிபட்ட பிறகுதான் கிரியேட்டினின் ஏறும், அதுவும் ஒன்றிரண்டு நாள் தாமதமாக. மறுபக்கம் இன்னும் மோசம். விபத்தில் அடிபட்டு வரும் இளைஞர்கள், கீழ்ப்பாக்கம் போன்ற தீக்காயப் பிரிவுகளில் படுத்திருப்பவர்கள், இவர்களில் பலருக்குச் சிறுநீரகம் வழக்கத்தைவிட வேகமாக மருந்தை வெளியேற்றிவிடும். கிரியேட்டினின் 0.6 என்று அழகாக இருக்கும். அடுத்த டோஸுக்கு வெகுநேரம் முன்பே மருந்து கரைந்து போயிருக்கும். "மருந்து கேட்கவில்லை" என்று வாங்கோமைசினிலிருந்து லினிசோலிடுக்கும் அமிகாசினிலிருந்து கொலிஸ்டினுக்கும், அதாவது கடைசிக்கென்று வைத்திருக்க வேண்டிய ஆன்டிபயாடிக்குகளுக்குப் போகிறோம். முதல் மருந்து போதுமான அளவு உடம்பில் இருந்ததா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆன்டிபயாடிக் எதிர்ப்பைத் தடுக்க நாடே என்ன செய்ய வேண்டும் என்று 2012இல் சென்னைப் பிரகடனம் வெளியிட்ட ஊர் நம்முடையது. அந்த ஊரிலிருந்தே இதைத் தொடங்க வேண்டாமா?

செலவைச் சொல்லித் தட்டிக்கழிக்க வேண்டாம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காது கேளாத குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்தப் பல லட்சம் செலவிடுகிறோம். அது பெரிய விஷயம், வரவேற்கிறேன். ஆனால் பிறந்த வாரமே கிருமித்தொற்றுக்கு அமிகாசின் போட்டுக்கொண்ட குழந்தையின் ரத்தத்தை ஒருமுறை சோதிப்பதற்கு ஆகும் தொகை அதில் ஒரு துளிகூட வராது. அளவு சரியாக இருந்தாலும் மரபணுக் கோளாறால் சில குழந்தைகளுக்குக் காது போவதுண்டு, மறுக்கவில்லை. தேங்கிப்போவதால் வருவதையாவது தடுக்கலாமே.

கருவி வாங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. ரத்தம் எடுத்த நேரம் தெரியாவிட்டால் ரிப்போர்ட்டுக்கு அர்த்தமே இல்லை. நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் கண்டது இது. வாங்கோமைசின் காலை 8 மணிக்குப் போட வேண்டியது. ஷிப்ட் முடிவதற்குள் முடித்துவிடலாம் என்று 5 மணிக்கே ஏற்றிவிட்டார்கள். 6 மணிக்குச் சர்க்கரை, யூரியாவோடு இதற்கும் சேர்த்து ரத்தம் எடுத்தார்கள், டிரிப் இறங்கிய அதே கையில். டியூபில் பெயரும் வார்டும் இருந்தன. டோஸ் ஏறிய நேரம் இல்லை. ரிப்போர்ட்டில் அளவு எக்கச்சக்கமாக வந்தது. அடுத்த டோஸுக்கு முந்தைய அளவு என்று நினைத்துப் பணியிலிருந்த டாக்டர் மருந்தையே நிறுத்திவிட்டார். ரத்தத்தில் எம்ஆர்எஸ்ஏ (வழக்கமான பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத ஒரு பாக்டீரியா) இருந்த நோயாளி அவர். நர்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரே ஆள் அத்தனை படுக்கைகளையும் பார்க்கும் வார்டில் வேறு என்ன நடக்கும்?

ஆகவே கேட்பது இவைதான். ரத்த அளவு பார்க்கும் சாம்பிளுக்குத் தனிப் படிவம் வேண்டும்: டோஸ் எவ்வளவு, ஏறத் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், ரத்தம் எடுத்த நேரம், எந்தக் கை. இவை நிரப்பப்படாவிட்டால் லேப் உடனே வார்டுக்குப் போன் செய்து கேட்க வேண்டும். இந்த இரண்டு மருந்துகளுக்கும் பெரிய லேப்களில் இருக்கும் ஆட்டோ அனலைசர்கள் பலவற்றிலேயே சோதிக்கலாம். தேவை ரீஏஜென்ட் கிட், அதாவது சோதனைக்கான ரசாயனங்கள். அதைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தன் கொள்முதல் பட்டியலில் சேர்த்துத் தடையில்லாமல் அனுப்ப வேண்டும். ரிப்போர்ட் அடுத்த டோஸுக்கு முன் வார்டுக்கு வந்துவிட வேண்டும். மூன்று நாள் கழித்து வந்தால் ஃபைலில்தான் கிடக்கும்.

அப்புறம், எண் வந்தால் மட்டும் போதாது, டோஸை எப்படி மாற்றுவது என்று சொல்ல ஆள் வேண்டும். 2020இல் அமெரிக்க மருத்துவ, மருந்தியல் சங்கங்கள் சேர்ந்து வாங்கோமைசின் வழிகாட்டுதலைத் திருத்தின. கடுமையான எம்ஆர்எஸ்ஏ தொற்றில் டோஸுக்கு முந்தைய அளவு லிட்டருக்கு 15 முதல் 20 மில்லிகிராம் வரை என்ற பழைய குறியை விட்டுவிட்டு, 24 மணி நேரமும் ரத்தத்தில் இருந்த மருந்தின் அளவை நேரத்தோடு சேர்த்துக் கூட்டும் ஏயுசி என்ற கணக்கை 400க்கும் 600க்கும் இடையில் வைக்கச் சொன்னார்கள். ஒரே டோஸுக்குப் பிறகு சரியான நேரத்தில் எடுத்த இரண்டு சாம்பிள் இருந்தால் கால்குலேட்டரிலேயே போட்டுவிடலாம். இதைச் செய்யத் தெரிந்தவர்கள் நம் ஒவ்வொரு கல்லூரியிலும் ஏற்கெனவே இருக்கிறார்கள். மருந்தியல் துறையில் எம்டி முடித்த டாக்டர்களைப் பாடம் நடத்துவதோடு நிறுத்தி வைத்திருக்கிறோம். அவர்களை வார்டுக்கு அழையுங்கள். எங்களைப் போன்ற மருந்தாளுநர்களையும் சேர்த்துக்கொண்டு, ராத்திரி 2 மணிக்கு ஹவுஸ் சர்ஜன் கூப்பிட்டாலும் பதில் சொல்ல ஒரு போன் எண் கொடுங்கள்.

மெரோபெனம் போன்ற வேறு ஆன்டிபயாடிக்குகளின் அளவைப் பார்க்க எச்பிஎல்சி மாதிரி தனிக் கருவிகள் தேவை. அது அடுத்த கட்டம். முதலில் இந்த இரண்டு மருந்துகள், ஐசியூவும் பச்சிளங்குழந்தைகள் பிரிவும். வரும் கொள்முதல் பட்டியலிலேயே கிட்டைச் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மருத்துவமனை மருந்தாளுநர்