ஈவுன்னா என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு, வகுத்தல் கணக்குன்னாலே பசங்க பயப்படுறாங்கன்னு நேத்து உங்க பேப்பர்ல வந்த கட்டுரை படிச்சேன், எல்லாம் சரிதான், ஆனா அந்த வார்த்தைகளுக்கு நாம அர்த்தமே சொல்லித் தர்றதில்லங்கறத விட்டுட்டீங்க. வகுன்னா பிரிக்கிறது. வகுப்பு, வகை, தலையில எடுக்கிற வகிடு எல்லாம் அதோட சொந்தக்காரங்கதான். 377-வது குறள்ல "வகுத்தான் வகுத்த வகையல்லால்"னு வருதே, அங்க அவனவனுக்கு இவ்வளவுன்னு விதிக்கிறதும் இதே வகுத்தல்தான்.

போன வாரம் என் பொண்ணு 17-ஐ 5-ஆல வகுத்துட்டு ஈவு 3, மீதி 2ன்னு கிளி மாதிரி ஒப்பிச்சா, ஈவுன்னா என்னம்மான்னு கேட்டா முழிக்கிறா. 17 பென்சில எடுத்து அஞ்சு பேருக்குப் பங்கு போடச் சொன்னேன், ஆளுக்கு மூணு கொடுத்தா, அந்தக் கொடுத்ததுதான் ஈவு, ஈன்னா கொடுன்னு அர்த்தம், ஈவு இரக்கம்ங்கறோமே அதே ஈவுன்னேன். "அப்ப மீதி ரெண்டு எனக்கா?"ன்னு கேட்டா பாருங்க! (பென்சில் போச்சு.) பாடப்புத்தகம் மாறுறப்ப மாறட்டும், அதுவரைக்கும் உங்க மாணவர் பக்கத்துல வாரம் ஒரு கணக்குச் சொல்லுக்கு ஒரு சின்னக் கட்டம் போட்டு இப்படி விளக்கலாமே, அடுத்ததா பின்னத்த எடுத்துக்குங்க.