ஆங்கில ஆர்ட்டிக்கிளைக் கோடிட்ட இடத்திலேயே முடித்துவிடாதீர்கள்

தமிழ்வழிப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும், ஆங்கில வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கும்,

வணக்கம்.

'ஐ சா ____ டாக் இன் தி ஸ்ட்ரீட்.' கோடிட்ட இடத்தில் 'எ' எழுதினால் மதிப்பெண், 'தி' எழுதினால் தப்பு என்று திருத்துகிறோம். உண்மையில் இரண்டுமே சரியான ஆங்கிலம். எந்த நாய் என்று கேட்பவருக்கு முன்பே தெரிந்திருந்தால் 'தி', தெரியாவிட்டால் 'எ'. முன்னும் பின்னும் எதுவும் இல்லாத ஒற்றை வாக்கியத்தில் இதை மாணவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? ஊகிக்கத்தான் முடியும். சரியாக ஊகித்தவருக்கு மதிப்பெண் கொடுத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். அதே மாணவர் வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது, 'எ' இல்லாமல் 'ஐ ஆம் கிராஜுவேட்' என்றுதான் எழுதுகிறார்.

'எ', 'ஆன்', 'தி' என்ற ஆர்ட்டிக்கிள் தமிழில் இல்லை, அதனால்தான் வரவில்லை என்று சொல்லிவிடுவது எளிது. சொல் இல்லையே தவிர, அந்த வேறுபாடு தமிழில் இருக்கிறது. 'புத்தகம் வாங்கினேன்', 'புத்தகத்தை வாங்கினேன்' என்ற இரண்டையும் கரும்பலகையில் எழுதுங்கள். இரண்டாவதைக் கேட்டதும், ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த ஏதோ ஒரு புத்தகம் என்று எந்தப் பிள்ளைக்கும் புரியும். முதலாவது 'ஐ பாட் எ புக்', இரண்டாவது 'ஐ பாட் தி புக்'. நம் இரண்டாம் வேற்றுமை உருபு 'ஐ' செய்யும் வேலையில் ஒரு பகுதியை அங்கே 'தி' செய்கிறது. இதற்கு ஓர் எல்லை உண்டு, அதையும் சேர்த்தே சொல்லுங்கள். உயிரற்ற பொருள் செயப்படுபொருளாக வரும்போதுதான் இந்தச் சோதனையை நம்பலாம். ஆட்களைக் குறிக்கும் சொல்லில் 'ஐ' எப்படியும் வந்துவிடும்: 'ஒரு பையனைப் பார்த்தேன்.' எழுவாய்க்கும் இது பயன்படாது.

'முதல் முறை சொன்னால் எ, இரண்டாம் முறை சொன்னால் தி' என்ற சூத்திரத்தை மட்டும் கொடுத்தால் சீக்கிரமே உடைந்துவிடும். 'நேற்று ஒரு கல்யாணத்துக்குப் போனோம். சாப்பாடு நன்றாக இருந்தது, மண்டபம்தான் சின்னது.' சாப்பாடும் மண்டபமும் இங்கே முதல் முறையாகத்தான் வருகின்றன. ஆனாலும் ஆங்கிலத்தில் 'தி ஃபுட்', 'தி ஹால்' என்றே வரும். கல்யாணம் என்று சொன்னவுடனேயே அவை கேட்பவர் மனதுக்கு வந்துவிட்டன. ஆகவே சூத்திரத்தைவிடக் கேள்வியைக் கற்றுக்கொடுங்கள்: 'எதைச் சொல்கிறேன் என்று கேட்பவருக்குத் தெரியுமா?'

மாணவர் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய வரிசை இது. பெயர்ச்சொல்லுக்கு முன் 'மை', 'ஹிஸ்', 'திஸ்' போன்ற சொல் இருக்கிறதா? இருந்தால் ஆர்ட்டிக்கிள் வேண்டாம். இல்லையென்றால், எது என்று கேட்பவருக்குத் தெரியுமா? தெரிந்தால் 'தி'. தெரியாதென்றால், அது எண்ணக்கூடிய ஒருமையா? ஆம் என்றால் 'எ' அல்லது 'ஆன்'. பன்மையோ, எண்ண முடியாததோ, பொதுவாகப் பேசுவதோ என்றால் எதுவும் வேண்டாம். 'தி ஹானஸ்டி இஸ் தி பெஸ்ட் பாலிசி' என்பதில் முதல் 'தி' தவறு என்பது இந்த வரிசையில் போனால் தானாகத் தெரியும்.

நம் பிள்ளைகள் அதிகம் தவறுவது மூன்றாம் படியில். எண்ணக்கூடிய ஒருமைப் பெயர் ஆங்கிலத்தில் வெறுமனே நிற்பது அரிது. 'பை பஸ்', 'கோ டு ஸ்கூல்' போன்ற சில வழக்குகளே விலக்கு. 'அவர் டாக்டர்' என்ற தமிழ் அமைப்பு அப்படியே 'ஷி இஸ் டாக்டர்' ஆகிவிடுகிறது. எண்ண முடியாதவற்றில் இதற்கு நேர்மாறான பிழை வரும். 'ஒரு யோசனை சொன்னார்' என்பது 'ஆன் அட்வைஸ்' ஆகிறது. 'சம் அட்வைஸ்' அல்லது 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்' என்பதே சரி. இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர், லக்கேஜ், எக்விப்மென்ட் ஆகியவையும் இந்த வகைதான்.

அடுத்து 'ஆன்'. 'ஏ, ஈ, ஐ, ஓ, யூ எழுத்துகளுக்கு முன் ஆன்' என்று சொல்லிக்கொடுப்பதை நிறுத்த வேண்டும். 'ஒரு வீடு, ஓர் ஊர்' என்று எழுதப் பழகிய பிள்ளைக்கு 'எ, ஆன்' புதிதல்ல. தமிழில் எழுத்தைப் பார்த்தாலே ஒலி தெரிந்துவிடும், ஆங்கிலத்தில் தெரியாது. அங்கே ஒலி மட்டுமே கணக்கு. எனவே எ யுனிவர்சிட்டி, எ ஒன் ருப்பீ காயின் ('ஒன்' தொடங்குவது 'வ' ஒலியில்). ஆனால் ஆன் அவர் (ஒரு மணி நேரம்), ஆன் எம்.எல்.ஏ., ஆன் எஃப்.ஐ.ஆர்., ஆன் எக்ஸ்ரே. இதில் நம் நாக்கு செய்யும் ஒரு வேலையைக் கவனியுங்கள். பேச்சில் 'எங்கே' என்பதை 'யெங்கே' என்போம், 'ஒண்ணு' என்பதை 'வொண்ணு' என்போம். அதே பழக்கத்தில் வகுப்பில் 'யெக்', 'வோல்ட் மேன்' என்று படித்தால், ஒலி விதியை ஒழுங்காகப் பின்பற்றும் பிள்ளை 'எ எக்', 'எ ஓல்ட் மேன்' என்று எழுதும். மறுபுறம் ஆண்டைக் குறிக்கும் 'யியர்' என்பதை 'இயர்' என்று உச்சரிப்பதால்தான் 'ஆன் இயர்' என்ற பிழை இவ்வளவு பரவலாக இருக்கிறது. முதலில் உச்சரிப்பைத் திருத்துங்கள், பிறகு விதியைச் சொல்லுங்கள்.

இடப்பெயர்களுக்கு ஒரு வகுப்பு போதும். ஆறு, கடல், மலைத்தொடர் என்றால் 'தி': தி காவேரி, தி பே ஆஃப் பெங்கால், தி நீலகிரீஸ். தனிச் சிகரத்துக்கும் ஊருக்கும் பெரும்பாலான நாடுகளுக்கும் கிடையாது. தி யுனைடெட் ஸ்டேட்ஸ், தி மால்டீவ்ஸ் போன்றவை விலக்கு.

வினாத்தாள் தயாரிப்பவர்களிடம் எங்கள் கோரிக்கை இது. ஒற்றை வாக்கியங்களை விட்டுவிட்டு, 60 சொற்கள் அளவில் தொடர்ச்சியான ஒரு பத்தி கொடுங்கள். அதிலுள்ள ஆர்ட்டிக்கிள்களை எடுத்துவிடுங்கள், ஆனால் கோடு போடாதீர்கள். கோடு இருந்தால், அங்கே ஏதோ வர வேண்டும் என்று நீங்களே காட்டிக்கொடுத்துவிடுகிறீர்கள். எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்று மாணவரே முடிவு செய்யட்டும். தேவையில்லாத இடத்தில் சேர்த்தால் மதிப்பெண் குறையும் என்பதையும் வினாவிலேயே எழுதிவிடுங்கள். இரண்டும் பொருந்தும் இடம் பத்தியில் இருந்தால், இரண்டுக்கும் மதிப்பெண் உண்டு என்று விடைக்குறிப்பில் தெளிவாகக் குறிப்பிடுங்கள். திருத்தும் ஆசிரியர் விடைக்குறிப்பைத் தாண்டி மதிப்பெண் போட மாட்டார்.

அன்புடன்,
ஆங்கில இலக்கணம் கற்பிக்கும் சக ஆசிரியர்கள்