அந்த 8-ஆம் எண் ஜெர்சி: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

பத்து நாளாகக் கைபேசிக்குக் கைபேசி தாவிக்கொண்டிருக்கும் அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்கள் ஜெர்சிக் கடையின் கண்ணாடி அலமாரியில் ஒரு ஜெர்சி தொங்குகிறது. அதன் முதுகில் நம் கால்பந்துக் கிளப்பின் இளையோர் அணியில் வளர்ந்து வெளியே போன பையனின் பெயரும், அதன் கீழே 8 என்ற எண்ணும் இருக்கின்றன. 'அவன் திரும்பி வர ஒப்பந்தம் ஆகிவிட்டது, கடைக்காரருக்கு முன்பே தெரிந்திருக்கிறது' என்றார் ஒருவர். 'சரக்கை விற்கப் புரளி கிளப்புகிறார்கள்' என்றார் இன்னொருவர். இரண்டு பழியும் எங்கள் தலையில்தான் விழுந்தன.

நடந்தது இதுதான். ஒரு வாடிக்கையாளர் தம் மகளுக்காக அந்தப் பெயரையும் எண்ணையும் கேட்டிருந்தார். கேட்ட பெயரை அச்சிட்டுக் கொடுப்பது எங்கள் தொழில். எழுத்துகளைச் சூடு காட்டித்தான் ஒட்டுவோம்; அந்தச் சூடு ஆறட்டும் என்று அலமாரியில் மாட்டினோம். ஆறுவதற்கு ஐந்து நிமிடம் போதும். இரண்டு நாள் அங்கேயே தொங்கிவிட்டது. அது எங்கள் கவனக்குறைவு, மன்னியுங்கள். மற்றபடி கிளப் அலுவலகத்தில் எங்களுக்கு யாரையும் தெரியாது. புதிய ஜெர்சியின் நிறமே உங்களுக்குத் தெரிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிகிறது.

புரளி என்றதைக்கூட விட்டுவிடலாம். 'அவன் போன அன்று பெயரைக் குப்பையில் போட்டவர்கள், இன்று அதே பெயரில் காசு பார்க்கிறார்கள்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த வரிதான் தூங்க விடவில்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அவர் கிளம்பியபோது (இப்போது 23 வயது, இன்னும் பையன் என்றுதான் வாயில் வருகிறது) பெயரை எடுத்துத் தரச்சொல்லி ஜெர்சியோடு வந்தவர்கள் யார்? நாங்களா கூப்பிட்டோம்? அந்த வேலைக்கு நாங்கள் கூலி வாங்கவில்லை. எழுத்தின் மேல் மறுபடி சூடு காட்டி, ஒரு மூலையை நகத்தால் கிளப்பி, துணி இழுபடாமல் மெல்ல உரிக்க வேண்டும். பிறகு பசையைத் துடைத்தெடுக்க வேண்டும். எவ்வளவு துடைத்தாலும் தடம் போகாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிடலாம். உரித்த எழுத்துகள் குப்பைக்குத்தான் போயின, உண்மை. சுருண்டுபோனவை மறுபடி ஒட்டாது. அதை வைத்து மனிதரையே குப்பையில் போட்டோம் என்றால் என்ன சொல்வது? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

சரி, அவரைத் திரும்ப வாங்கலாமா என்று கல்லாவுக்கு எதிரே நின்று எல்லோரும் கேட்கிறீர்கள். வாங்கலாம் என்பதுதான் எங்கள் எண்ணம், ஆனால் எந்த விலைக்கும் அல்ல. பார்சலோனா, தன்னிடம் வளர்ந்த ஜெரார்டு பிக்கேயைப் பதின்ம வயதில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் விட்டு, 2008-இல் சுமார் 50 லட்சம் யூரோவுக்குத் திரும்ப எடுத்தது; முதல் சீசனிலேயே மூன்று பெரிய கோப்பைகள் வந்தன. ரியல் மாட்ரிட், தன்னிடம் வளர்ந்த கர்வஹாலை 2012-இல் ஜெர்மனியின் லெவர்குசன் கிளப்புக்கு விற்றபோதே திரும்ப வாங்கும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி வைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டே வீட்டுக்கு அழைத்துக்கொண்டது. நம்மவர்கள் அப்படி ஒரு வரி எழுதி வைத்தார்களா? எழுதியிருந்தால் இன்று இந்தப் பேரமே இருக்காது.

மறுபக்கம் பிரெஞ்சு வீரர் போக்பா இருக்கிறார். 2012-இல் மாற்றுத்தொகை (வாங்கும் கிளப் பழைய கிளப்புக்குக் கொடுக்கும் பணம்) என்று சொல்லும்படி எதுவும் வராமல் யுனைடெட்டை விட்டுப் போனவரை, 2016-இல் 8.9 கோடி பவுண்டு கொடுத்து அதே யுனைடெட் திரும்ப அழைத்தது. அன்றைக்கு அது உலகச் சாதனைத் தொகை. 2022-இல் ஒப்பந்தம் முடிந்து மறுபடியும் இலவசமாகவே கிளம்பினார். பாசத்துக்காகக் கையெழுத்துப் போட்டால் கணக்கு இப்படித்தான் முடியும்.

ஆனால் பாசம் இல்லாத ஒரு காரணமும் இருக்கிறது, இதை யாரும் பேசுவதில்லை. ஐரோப்பியப் போட்டிகளுக்கான 25 பேர் பட்டியலில் எட்டு இடங்கள் உள்நாட்டில் பயிற்சி பெற்றவர்களுக்கு. அதில் நான்கு, 15 முதல் 21 வயதுக்குள் மூன்று சீசன்களாவது அதே கிளப்பில் இருந்தவர்களுக்கு மட்டும். ஆள் இல்லாவிட்டால் அந்த இடம் காலியாகத்தான் கிடக்கும், வேறு யாரையும் அங்கே எழுத முடியாது. நம் பையன் 13 வயதில் வந்து 19 வயதுவரை இருந்தார். நடுவில் எத்தனை கிளப்புக்குப் போயிருந்தாலும் அந்தத் தகுதி அழியாது. அன்று அவர் போனதும் ஆடத் தெரியாமல் அல்ல. அவருடைய இடத்தில் இருந்தவர் அசையவில்லை. இன்று அந்த இடத்தில் யார் இருக்கிறார் என்று உங்களுக்கே தெரியும், நான் சொல்லிப் புதிதாக ஒரு வம்பு வேண்டாம்.

இனி எங்கள் ஏற்பாடு: கிளப் அறிவிக்கும்வரை அந்தப் பெயரை அச்சிட மாட்டோம். ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் வேறு பெயர் சொல்லலாம், அல்லது பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

இத்தனை பேச்சுக்கு நடுவிலும் 'நீங்கள் அப்படிச் செய்திருக்க மாட்டீர்கள்' என்று தேடிவந்து சொன்னவர்கள் பலர். தோற்ற சீசனிலும் ஜெர்சி வாங்கியவர்கள் நீங்கள். உங்களால்தான் இந்தக் கடை நடக்கிறது. மனமார்ந்த நன்றி.

அச்சு இயந்திரத்தைப் பார்த்துக்கொண்ட தம்பி பெரிய அச்சகம் ஒன்றுக்குப் போய்விட்டதால் ஆர்டர்கள் மூன்று வாரம்வரை தாமதமாகலாம். எழுத்துக் கட்டணமும் சற்றே கூடியிருக்கிறது. அவரைத் திரும்ப அழைப்பீர்களா என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

அந்த 8-ஆம் எண் ஜெர்சியை மடித்து உள்ளே வைத்திருக்கிறோம். ஆர்டர் கொடுத்தவர் இந்தக் களேபரத்துக்குப் பிறகு வரவே இல்லை. அளவு சிறியது, வேறு யாருக்கும் பொருந்தாது. எப்போது வேண்டுமானாலும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
கடை உரிமையாளர்