நாக்கில் வேல் இருப்பவன் "வேண்டாம்" என்று எப்படிச் சொல்வான்?

மொரீசியசு முருகன் கோயில்களின் இளைஞர் குழுக்களுக்கு,

வணக்கம். தைப்பூசக் கொடி ஏறுவதற்கு முன்பே இதைப் பேசிவிடுவது நல்லது.

காவடிக்குத் துணை நடக்கும் நண்பர்கள் கையில் இப்போது தண்ணீருக்குப் பதில் கைபேசி இருக்கிறது. நாக்கில் அலகு குத்தியவன் பேச முடியாது. கை காவடித் தண்டில் இருக்கும். முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் ஒருவன் லைவ் போட்டால் தடுக்க அவனுக்கு வழியே இல்லை. அவனுக்கு நாக்காக இருக்கத்தானே நண்பன் கூட வருகிறான்?

ஒரு காவடிக்கு மூன்று பேர் போதும். முன்னால் போகிறவர் தாரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே நடக்கட்டும். சனவரி, பிப்ரவரி நமக்குக் கோடை. நண்பகல் தார் வெறுங்காலைப் பொசுக்கிவிடும். படம் எடுப்பவர் அந்த இடத்தில் நின்றால் பின்பக்கமாகத்தான் நடப்பார். குழியும் தெரியாது, ஓரத்துச் சாக்கடையும் தெரியாது. அவர் தடுக்கினால் காவடி சட்டென்று நிற்கும், பின்னால் வருபவர் முட்டுவார், செம்புப் பால் தளும்பும். கோர் தெ கார்ட் மலைக்கோயில் படிகளில் இது இன்னும் மோசம். பக்கத்தில் நடப்பவருக்கு இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும்; காவடி சாய்ந்தால் தாங்க ஒரு கை போதாது. மூன்றாமவர் துண்டும் முக்காலியும் எடுத்துக்கொண்டு பின்னால் வரட்டும்.

முதல் நாள் இரவே சைகை பேசிக்கொள்ளுங்கள். தண்டைப் பிடித்தபடியே ஒரு விரல் தூக்கினால் நில், இரண்டு விரல் என்றால் இறக்கு, விரலை விரித்து மூடினால் படம் வேண்டாம். குத்திய பிறகு கேட்டுப் பயனில்லை.

எல்லாரும் ஏன் அலகு குத்தும் கன்னத்தையே படம் எடுக்கிறார்கள்? எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், எத்தனை பேர் லைக் போடுகிறார்கள், எத்தனை பேர் அடுத்தவருக்கு அனுப்புகிறார்கள் என்பவற்றுக்குத்தான், எதைப் பலருக்குக் காட்டுவது என்று முடிவு செய்வதில், அதிக எடை என்று இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரியே 2025-இல் சொன்னார். ஆகவே ஊசி இறங்கும் நொடி ரீலின் தொடக்கத்துக்கு வந்துவிடுகிறது. பத்து நாள் விரதம் வெட்டுப்பட்டுப் போகிறது. "சரியா விழல, கொஞ்சம் திரும்பு" என்று விரதக்காரனிடம் கேட்பதெல்லாம், மன்னிக்கவும், அசிங்கம்.

படமே வேண்டாம் என்று சொல்லவில்லை. கோயில் சார்பில் ஒருவர் ஓரிடத்தில் முக்காலித் தாங்கி வைத்து எடுக்கட்டும். லைவ் வேண்டாம், போனதைத் திரும்பப் பிடிக்க முடியாது. அலகு கழற்றி, பால் அபிஷேகம் முடிந்து, ஏழு வகைக் காய்கறிச் சோறும் சாப்பிட்ட பிறகு காவடி எடுத்தவனிடமே காட்டுங்கள். அவன் தலையாட்டினால் போடலாம். நண்பர்களுக்கு மட்டும் என்றால் இன்ஸ்டாகிராமில் 2018 முதல் 'நெருங்கிய நண்பர்கள்' பட்டியல் இருக்கிறது. அடுத்தவர் டேக் செய்வதைத் தானே ஒப்புக்கொள்ளும்படி மாற்றிவைக்க அவனுக்குக் கற்றுக்கொடுங்கள்.

பால்குடம் எடுக்கும் பிள்ளைகள் படம் கோயிலின் சமூக ஊடகப் பக்கத்தில் வருவதானால் பெற்றோரைக் கேட்காமல் கூடாது. நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோர் இசைவைக் கேட்கிறது.

துணைக்கு நடப்போர் பெயரைக் கொடியேற்றத்தன்றே எழுதுகிறீர்கள் அல்லவா? ஊர்வலம் கிளம்பும்போது அந்த மூவரின் கைபேசியையும் வாங்கிப் பெயர்ச் சீட்டு ஒட்டி அலுவலகத்தில் வைத்துவிடுங்கள். அவசரத்துக்குக் குழுத் தலைவர் கையில் ஒன்று இருந்தால் போதும்.

இப்படிக்கு,
காவடித் துணைக்கு ஆள் பழக்குவோர்